மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்கு, பழைய விலைகளையும் ஏற்றிக்கொண்டு

போன செவ்வாய்க்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் நாலந்தா கெடிகே என்கிற பழைய கல் ஆலயத்துக்குப் போய் வந்தோம். மாத்தளை டவுனில் இருக்கிற எங்களுக்கு அது இருபத்தைந்து கிலோமீட்டர்தான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்துக்கு, பக்கத்திலேயே இருந்துகொண்டு முப்பத்தொன்பது வருஷம் கழித்து இரண்டாவது தடவை போகிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே. இருக்கிறது. பெயர் அருளப்பன். அவர்தான் என் வீட்டுக்காரர்.

இவர் ஓய்வுபெற்ற தபால்காரர். டவுனில் எந்தக் கடை எந்த வருஷம் திறந்தது, அன்றைக்கு அங்கே எது என்ன விலைக்கு விற்றது என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். எண்பத்தாறில் ஒரு இறாத்தல் பாண் என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார், அதுதான் பிரச்சினை. பழைய விலை வாயில் வந்துவிட்டால் புது விலைக்குக் கை பையை விட்டு வெளியே வராது. போன வருஷம் பேராதனைப் பூங்காவைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். கண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு உளுந்து வடை என்ன விலை என்று கேட்டார். அடுத்த பஸ்ஸில் மாத்தளைக்குத் திரும்பிவிட்டோம். பூங்காவை அவர் மனதில் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

இந்தத் தடவை அப்படித் திரும்பி வர எனக்கு இஷ்டமில்லை. அடுத்த மாதம் எனக்கு முழங்காலில் ஒப்பரேஷன். அதன் பிறகு எப்போது படி ஏறலாம் என்று டொக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து போன இடம் நாலந்தா. கால் நடக்கிற காலத்திலேயே இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதனால் புறப்படும்போதே கண்டிஷன் போட்டேன்.

“இன்னைக்கு உங்களுக்கு மூணு பழைய விலை சொல்லலாம். நாலாவது வந்துச்சுன்னா நீங்க இறங்கி வீட்டுக்குப் போங்க, நான் தனியாப் போறேன்.”

“மூணு எப்படிப் பத்தும் செல்வி? அஞ்சாக்கு.”

“மூணுதான்.”

காலை 7.40க்கு தம்புள்ளை பஸ். ஆளுக்கு 125 ரூபாய். கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு முதலாவது விலை போயிற்று: அந்தக் காலத்தில் இரண்டு பேர் போய்வரப் பன்னிரண்டு ரூபாய். அலுவிகாரையில் ஒரு கடை வாசலில் தொங்கிய வாழைக்குலை இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டது. பலாபத்வலை தாண்டுவதற்குள் மூன்றாவது, அதுவும் யாரோ கையில் வைத்திருந்த சவர்க்காரக் கட்டிக்காக. நேரம் எட்டுமணிகூட ஆகவில்லை. மிச்ச வழிக்கு மனிதர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் சிரிப்பு. ரோட்டோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள், மிளகுக்கொடி, கொக்கோ எல்லாம் வரிசையாகப் போயின. இந்த ரோட்டில் ஜன்னலோர சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

8.45க்கு நாலந்தாவில் இறங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து கெடிகேவுக்கு ஒரு கிலோமீட்டர் போல உள்ளே போக வேண்டும். முழங்கால் காரணமாக த்ரீவீல் பிடித்தோம், 250 ரூபாய். டிரைவர் சிங்களக்காரர், கலகலப்பான ஆள். கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தவர், அப்போது த்ரீவீலுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேட்டு வைத்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. வாசற்படியில் பலகாரத் தட்டோடு நிற்கிறவரைப் பார்க்கிற பிள்ளை தோற்றுப்போகும். நான் முறைத்தேன்.

“அப்ப த்ரீவீல் எங்க இருந்துச்சு? நடந்துதான் போனோம்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து, “இது விலை இல்லை” என்றார். ஒத்துக்கொண்டேன்.

கெடிகே சின்னக் கட்டடம்தான். ஆனால் பார்க்கிறவர்களை நிறுத்தி வைக்கும். கருங்கல்லில் கட்டிய புத்த ஆலயம், பார்வைக்கு இந்துக் கோயில் மாதிரி. மகாவலித் திட்டத்தில் நீர்த்தேக்கம் கட்டியபோது, தண்ணீரில் மூழ்கிவிடும் என்று கல் கல்லாகக் கழற்றி எடுத்து, மேட்டில் திரும்பவும் அடுக்கினார்கள். நாங்கள் முதல் தடவை வந்தபோது அடுக்கி முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இப்போது சுற்றிலும் மரங்கள், ஒரு பக்கம் தண்ணீர், நல்ல காற்று. சாதாரண நாளில் போனால் கூட்டமே இல்லை. படியில் இவர் என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினார். மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தோம். ஒரு விலைகூட வரவில்லை.

சாப்பாடு சந்தியில் ஒரு கடையில். சோறும் கறியும் ஆளுக்கு 350 ரூபாய். இவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு ஒரு உருண்டைச் சோற்றைப் போட்டு அடைத்தார். “பலாக்காய் நல்லா இருக்கு” என்றார். வீட்டில் பலாக்காயைத் தொடமாட்டார்.

1.10 பஸ்ஸில் ஏறி 2.15க்கு மாத்தளையில் இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது, முழங்காலும் வேலையைக் காட்டத் தொடங்கியது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று கிட்டத்தில் இருந்த பலூடாக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர் மகள் என்னிடம் படித்தவள். “வாங்க டீச்சர், வாங்க அண்ணே, இப்படி ஃபேனுக்குக் கீழ இருங்க” என்றார் நானா. சுவரில் போர்டு. பலூடா 380 ரூபாய். ஆறு மணித்தியாலமாகக் கட்டி வைத்திருந்த அணை உடைந்தது.

“எண்பத்தாறுல இந்தக் கடைல பலூடா நாலு ரூபா. ஐஸ்கிரீம் போட்டா ஆறு.”

நாலாவது விலை. நான் வாயைத் திறப்பதற்குள் நானா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அல்லாஹ்வே, அது எங்கட வாப்பாட காலம்! நீங்க வாப்பாட பலூடா குடிச்ச ஆளா அண்ணே? அவர் அதுல என்னமோ ஒண்ணு சேர்ப்பாரு. யாருக்கும் சொல்லாமலே மவுத்தாயிட்டாரு. நானும் எத்தனையோ போட்டுப் பார்த்திட்டேன், சரிவரல்ல. ருசி எப்படி இருந்திச்சி, சொல்லுங்க.”

விலை கேட்டால் வருஷத்தோடு சொல்கிற மனிதர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாது நானா” என்றார் கடைசியில். “நான் குடிச்சதில்லை. வெளிய நின்னு போர்ட வாசிச்சதுதான்.” பிறகு என்னிடம், “நாலந்தா போயிட்டு வந்த அன்னைக்கு நீ கேட்டியே” என்றார்.

கேட்டேன், நினைவிருக்கிறது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வெயிலில் வந்து இந்த வாசலில் நின்று, பலூடா குடிப்போமா என்றேன். வேண்டாம், ஐஸ் குடித்தால் தடிமன் பிடிக்கும் என்றார். எவ்வளவு அக்கறையான மாப்பிள்ளை என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா!

“அன்னைக்கு சட்டைப் பையில மூணு ரூபாதான் இருந்துச்சு. ஒண்ணுக்கே பத்தல. புதுப் பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது?”

இரண்டு தங்கச்சிமார் கல்யாணத்துக்காகச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அது தெரியும். இது தெரியாது. கடைகளையெல்லாம் தாண்டித் தாண்டிக் கடிதம் கொடுத்துக்கொண்டு போன ஆள், ஒவ்வொரு போர்டையும் வாசித்து, எனக்கு வாங்கித் தர முடியாததையெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறார். நானோ இத்தனை வருஷமாக அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்து அதட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அதற்குள் பலூடா வந்தது. நாங்கள் கேட்காமலே நானா ஐஸ்கிரீமும் போட்டிருந்தார்.

இவர் ஒரே மூச்சில் பாதிக் கிளாஸைக் காலி செய்துவிட்டு, “இவ்வளவு நல்லா இருக்கும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா கடன் வாங்கியாவது குடிச்சிருப்பேன்” என்றார். நானா சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. மூன்றாவதாக ஒன்று வரவழைத்து இரண்டு பேருமாகக் குடித்தோம்.

போக நினைக்கிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்கு முன் பஸ் பிடியுங்கள், மத்தியான வெயில் கடுமை. கெடிகே பக்கத்தில் சாப்பிட எதுவும் கிடைக்கவில்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். த்ரீவீல்காரரிடம் திரும்பக் கூட்டிப்போக நேரம் சொல்லி, கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போக 250, வர 250. பஸ், த்ரீவீல், சாப்பாடு, பலூடா எல்லாம் சேர்ந்து இரண்டு பேருக்கும் 2,840 ரூபாய். உங்கள் வீட்டிலும் பழைய விலை ஒப்பிக்கிற ஒருவர் இருந்தால் வாயை அடைக்காதீர்கள். அதை அப்போது வாங்கினீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நேற்று காலை இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, “அந்தக் காலத்துல தியேட்டர்ல பல்கனி டிக்கட் ஏழு ரூபாதான்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் கீழே கலரியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.