கணக்கு மெஷினும் பழுப்பு அட்டைப் புத்தகமும்

எழுபதுகளின் தொடக்கத்தில், போர்ட் பிளேயருக்கு வெகு தெற்கே கடைக்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் எனக்கு நில அளவை வேலை. குடியேறிய முன்னாள் ராணுவத்தினருக்குக் காட்டைத் திருத்தி நிலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எனக்குப் பெண் பிறந்து ஐந்து மாதம் ஆகியும் முகம் பார்க்கவில்லை. முதல் பகுதியின் கணக்கை முடித்தால்தான் அடுத்த கப்பலில் லீவு என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கித் தரும் கணக்கு மெஷின் வந்து இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருக்கலுக்கெல்லாம் லாக் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போனவன் நான். இனி இந்தச் சனியன் எதற்கு என்று, வந்த கப்பலிலேயே அந்தப் புத்தகத்தைப் போர்ட் பிளேயருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மெஷினைப் பிரித்தால் கைப்பிடிக்குத் திருகாணி இல்லை. வயர்லெஸ் நிலையத்தில் கெஞ்சி ஒன்று வாங்கி மாட்டினேன். சுற்றியது. பிறகுதான் உறைத்தது. மெஷின் பெருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு கோணத்துக்கும் சைன், காஸ் மதிப்பை நாம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கான அட்டவணை பெட்டியில் வரவில்லை; அது நான் திருப்பி அனுப்பிய புத்தகத்தில்தான் இருந்தது.

"மெஷின் தோ ஆ கயா சாப், கிதாப் கிதர் ஹை?" மெஷின் வந்துவிட்டது, புத்தகம் எங்கே என்று கேட்ட வங்காளி உதவியாளர் மேல் எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது என்பதால் கோபம் கூடுதலாகவே வந்தது. போர்ட் பிளேயரில் கேட்டால், அடுத்த கப்பலில் அனுப்புகிறோம் என்றார்கள். அது நான் ஏற வேண்டிய கப்பல்.

நிலம் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்த ராமநாதபுரத்து முன்னாள் சிப்பாயிடம் புலம்பினேன். "எங்க வீட்டுல டிரங்குப் பெட்டியில அப்படி ஒரு புஸ்தகம் வச்சிருக்கா சார். கல்யாணத்துக்கு முந்தி காலேஜுல ஒரு வருஷம் படிச்சவ" என்றார் அவர்.

மறுநாள் காலை அவர் மனைவியே வந்தார். பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தைக் கையைவிட்டு இறக்கவில்லை. "புஸ்தகத்தத் தரமாட்டேன் சார். நானே பாத்துச் சொல்றேன்."

ஒன்பது நாட்கள் அவர் மதிப்புகளைச் சொல்ல, நான் சுற்றினேன். ஒருமுறை அவசரத்தில் நான் எட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டபோது, "காஸுக்கு ஓரத்துல போட்டிருக்கிற வித்தியாசத்தக் கழிக்கணும் சார், கூட்டிட்டீங்க" என்றார். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மதியச் சோற்றைக்கூட அவசரமாக முடித்துவிட்டு வந்து உட்கார்வார்.

கடைசித் தாள் முடிந்த அன்று கப்பல் விரிகுடாவில் நின்றது. அவர் விரலைப் பக்கத்தில் வைத்தபடியே கேட்டார்: "இன்னும் கணக்கு இருக்கா சார்?"

"முடிஞ்சுதும்மா" என்றேன், வாயெல்லாம் பல்லாக. அவர் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பிறகு மாற்றல் வந்து கேம்பல் பேக்குத் திரும்பவே இல்லை. அவர் அப்படிக் கேட்ட அன்றைக்கு அடுத்த பகுதியின் அளவுத் தாள்கள் அலமாரி நிறைய இருந்தன. இருக்கிறதம்மா, நாளைக்கும் வாருங்கள், உதவியாளர் சுற்றுவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று, இத்தனை வருடம் கழித்தும் மனம் அந்த மேஜைக்கே போய் நிற்கிறது.