தாழ்ப்பாள் போட்டது நான்தான்

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன் செய்தோம். விழுந்தால் அமுக்கவேண்டும், வீட்டாரின் போன் அடிக்கும். பாத்ரூம் கதவைச் சாத்தினால் சில வீடுகளில் சிக்னல் போவதில்லை, ஆனாலும் பச்சை விளக்கு எரிகிறது என்று அறிக்கையில் எழுதினேன். சில வாரம் கழித்து, "அதை சரி பண்ணியாச்சு" என்றார் மேனேஜர். அதை நம்பி, நீலசந்திராவில் எங்கள் வீட்டில் அப்பா கழுத்திலும் ஒன்றை மாட்டினேன்.

அப்பா கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை நான் கிளம்பிய பிறகு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்று கத்தாமல் காத்திருந்தார். சாயங்காலம் நான் பார்த்தபோது இடுப்பெலும்பு முறிந்து ஈரத்தரையில் கிடந்தார்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றுதான் கேட்டார்.

மேனேஜரிடம் சொன்னேன். "சரியா அமுக்கியிருக்க மாட்டார் மேடம். வயசானவங்க இல்லையா?" என்றார். என் அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த வரியையே நீக்கியிருந்தார். எதையும் சரி செய்யவில்லை.

மேனேஜர் சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது கையை நீட்டிக் காட்டினார். "ட்ரில் மிஷின் புடிச்ச கைம்மா இது. ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதா?"

இரண்டு மாதம் மேனேஜருக்கு குட் மார்னிங் சொல்லிக்கொண்டே காத்திருந்தேன்.

மல்லேஸ்வரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு பட்டனை விற்கப் போனோம். முந்தின நாளே அங்கே போய் எல்லாம் பொருத்தியவள் நான். எந்த பாத்ரூமில் சிக்னல் சாகும் என்று தெரியும். இல்லத்தை நடத்தும் சிஸ்டர் முன்னால், ஹாலில் மேனேஜர் பட்டனை அமுக்க, மேசைமேல் போன் அடித்தது.

"சார், பாத்ரூம்லயும் காட்டிடலாமே. அங்கதானே விழறாங்க?"

சிஸ்டர் தலையாட்டினார். மறுக்க முடியாமல் சிரித்தபடி மேனேஜர் நான் காட்டிய பாத்ரூமுக்குள் போனார். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

போன் அடிக்கவில்லை. கதவைத் தட்டினார். "திறங்க மேடம்!"

"பட்டனை அமுக்குங்க சார்."

"அமுக்கிட்டேதான் இருக்கேன்! பச்சை லைட் எரியுது!"

"சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க சார்."

திகைத்து நின்ற சிஸ்டரிடம், அப்பா கிடந்த கதையை, உள்ளேயும் கேட்கும்படி சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அவர் தாழ்ப்பாளை நீக்கினார். நான் திறந்திருக்க மாட்டேன். வியர்த்து வழிய வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆர்டர் போயிற்று. என் வேலையும் போயிற்று. இப்போது எதிர்முனையில் போன் அடித்தால் மட்டுமே பச்சை எரியும்படி மாற்றிவிட்டார்கள் என்று கூட வேலை செய்தவள் சொன்னாள். நல்லதுதான். ஆனால் அன்று நான் நல்லது செய்யப் போகவில்லை. அவர் பயப்படவேண்டும் என்றுதான் போனேன். பயந்தார்.