என் மகன் வாய் திறந்த மத்தியானம்

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு மத்தியானம் என் மகன் மிக்கேல் கடலிலிருந்து குனிந்தபடியே வீட்டுக்கு வந்தான்.

அவன் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் ஒருத்தனுக்கு முடியவில்லை என்றால் எல்லாருமாகத்தான் கரை திரும்பணும். அன்றைய பாடு, அதான் வருமானம், எல்லாருக்கும் போச்சு. அதனால் காலையிலேயே திடீரென்று வலி பிடித்தும் அவன் உண்மையைச் சொல்லவில்லை. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டி அழுத்தியிருக்கும் என்று நினைத்து, சும்மா வயிற்றுவலிதான் என்று சொல்லிச் சுருண்டு கிடந்திருக்கிறான்.

என்னிடமும் வயிறு என்றுதான் சொன்னான். வாந்தி எடுத்தான். ஓமத்தண்ணி கொடுத்தேன், நிற்கவில்லை. மருமகள் செல்வி கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆழத்துக்குப் பயப்படாத பிள்ளை வியர்த்து நடுங்குகிறான்.

மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். செபமாலைகூட எடுக்கவில்லை. தாயே, நீரும் பிள்ளை பெற்றவர், இவன் எதையோ மறைக்கான், வாயைத் திறக்க வையும் என்றேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"எம்மா, வயிறு இல்லம்மா. கீழ. விதை வீங்கிப்போச்சு."

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பொம்பளை டாக்டர். இவன் போர்வையை விடமாட்டேங்கான்.

"ஏலே, உன்னைக் குளிப்பாட்டுனவ நான் நிக்கேன். அந்தம்மா இதுக்குத்தான் படிச்சு வந்திருக்காங்க. கையை எடுல."

எடுத்தான்.

விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டதாம். சில மணி நேரம்தான் தாங்குமாம், வலி வந்த உடனே வந்திருக்கணும் என்றார்கள். ஆபரேஷன் செய்து ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றது முறுக்காமல் இருக்கத் தைத்து வைத்தார்கள்.

மயக்கம் தெளிந்தபிறகு மிக்கேல் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீடு திரும்பிய பிறகு கடற்கரையில் ஒருத்தன் இவனை அரை ஆம்பளை என்று சொன்னானாம். அப்படிச் சொன்னவன் வாசலில் போய் நின்று, என் மகன் போன ஆழத்துக்கு நீ ஒருநாள் போய்ட்டு வந்து பேசுல என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒன்று இருந்தாலும் பிள்ளை பிறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பிறக்கவில்லை. கோயிலில் செல்வி அடுத்தவர் பிள்ளையைத் தூக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆனாலும் மாதாவுக்கு நன்றி சொல்கிறேன். பேசாமலே கிடந்திருந்தால் அது உள்ளே அழுகி என் பிள்ளை என்ன ஆகியிருப்பானோ. இப்போது தலைவலி என்றாலும் செல்வியிடம் சொல்லிவிடுகிறான்.

மாதாவின் பிள்ளைகளே, உங்கள் வீட்டு ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் திடீர் வலியோ வீக்கமோ வந்தால் ஒத்தடம், எண்ணெய் என்று இருந்துவிடாதீர்கள். வலி தானே விட்டுப்போனாலும் காட்டுங்கள். வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும் காட்டுங்கள். வெட்கப்படுகிறான் என்றால் நீங்களே கேளுங்கள். மாதாவிடமும் கேளுங்கள், தருவார். ஆட்டோவில் போய்க்கொண்டே கேளுங்கள்.