மர்க்கீஸின் பாதிச் சேதி

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. மலைச்சரிவில், காணாமல்போய் அப்போதுதான் கிடைத்த தன் ஆடுகளுக்கு முன்னால் நின்றிருந்தாள் சொலாஞ்ச். ஃபோனில் பேசியது அண்ணனின் அடுத்த வீட்டு ஒதெத்.

"உங்கண்ணன் போயிட்டாருடி. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தபடியே."

அந்த ஆடுகள் நிற்குமிடத்தை விடியலில் சொன்னவரே அவர்தான்.

ஃபிர்மேன், பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றும் ரோப்காரில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தங்கை வீட்டில். சீஸ் உப்பாக இருக்கிறது என்று வாராவாரம் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கித் தின்பார்.

ஆடுகளின் கழுத்துப்பட்டைகளை விற்ற நிறுவனம் கோடையில் இழுத்து மூடப்பட்டது. பட்டைகள் மட்டும் தாம் இருக்குமிடத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. இலையுதிர்காலத்து இடிமழையில் மந்தையில் ஒரு பகுதி சிதறியது. பனி விழுந்துவிட்டால் ஒன்றும் பிழைக்காது.

ஃபிர்மேன் கட்டைவிரலளவு ரிசீவர் ஒன்றைக் கணினியில் செருகினார். மிச்சத்தை அவர் எழுதிய நிரல் பார்த்துக்கொண்டது. இரைச்சலுக்கு அடியில் கிடந்த அலைகள் திரையில் சாய்ந்த கோடுகளாகத் தெரிந்தன.

"ஒண்ணும் கேக்கலையே அண்ணே?"

"உன் ஆடு மூச்சு விடுறதைவிட மெதுவாப் பேசுது. நீ வாயை மூடு, கேக்கும்."

ஏறுகோடுகளாக வரவேண்டியவை எல்லாம் இறங்குகோடுகளாக வந்தன. தலைகீழாக அனுப்புகிறார்கள் என்று அந்த நிறுவனத்தைப் பல நாள் திட்டினார். கடைசியில் பார்த்தால், ரிசீவர் இரண்டு பாதிகளாகத் தரும் சிக்னலை அவரே நிரலில் இடம் மாற்றி எழுதியிருந்தார்.

"படத்தைத் தலைகீழா மாட்டிட்டு சுவரைத் திட்டினியாக்கும்!"

"சிரிச்சது போதும், பூட்ஸை மாட்டு. கழுகுப் பாறைக்குக் கீழ நிக்குது உன் கூட்டம்."

"மர்க்கீஸ்?"

அது மணி கட்டி முன்னால் நடக்கும் கிழ ஆடு.

"அதோட சேதி பாதிதான் பிரிஞ்சிருக்கு. நீ ஏறு, மிச்சத்தை நான் பாக்குறேன்."

சொன்ன இடத்தில் ஆடுகள் நின்றன. மர்க்கீஸ் இல்லை. ஒதெத்திடம் "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஓட்டினாள் சொலாஞ்ச். முன்னால் மணிச்சத்தம் இல்லாததால் அவை நகர மறுத்தன. கீழே வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதற்குள் அவரைக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். கணினியை யாரும் அணைக்கவில்லை. கோடுகள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன.

அடக்கம் நடந்த அன்று முதல் பனி விழுந்தது. திரையில் மர்க்கீஸின் வரி அப்படியே இருக்கிறது. எவ்வளவு வடக்கே என்பது தெரிகிறது. எவ்வளவு கிழக்கே என்பதை ஃபிர்மேன் இன்னும் பிரித்திருக்கவில்லை.