ஐந்து ரேஸ்

தேனியில் கோயம்புத்தூர் பஸ் ஏறியபோது பக்கத்து இருக்கையில் இருந்தவர், ஊட்டிக் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர். வெளுத்த சட்டை, மடியில் ரேஸ் புத்தகம், கையில் சிவப்புப் பென்சில். தொடர்ந்து ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொன்னால்தான் ஜாக்பாட். பஸ் நிற்கும்போதெல்லாம் ஒரு பெயரை அடிப்பார். நாலு ரேஸில் மும்மூன்று குதிரைகளை விட்டுவைத்தார். ஒரு ரேஸில் மட்டும் ஒன்றே ஒன்று.

"அது தோத்தா அஞ்சும் போச்சே. இதெல்லாம் சூதுங்க," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நீங்க என்ன பண்றீக?"

"ஓடைப்பட்டியில திராட்சைத் தோட்டம்."

"கொடிய வெட்டுற கவாத்து, மழை, பூச்சி, லாரி, விலை. அஞ்சும் ஜெயிச்சாத்தான உங்களுக்குக் காசு? எனக்காச்சும் சந்தேகமான ரேஸ்ல மூணு குதிரை போட வழியிருக்கு. நீங்க அஞ்சுலயும் ஒத்தக் குதிரைய நம்பி நிக்கிறீக. யாரு சூதாடின்னு நீங்களே சொல்லுங்க."



அவர் ஜெயித்தாரா, தெரியாது. அடுத்த கவாத்தில் முதல் கொடியை வெட்டியதும் என் கை நின்றது. வானத்தைப் பார்த்தேன். இரண்டாவது ரேஸில் என்னிடம் இருப்பது, மழை கெடுக்காது என்ற ஒரே குதிரை.

ஓடட்டும் என்று அடுத்த கொடியை வெட்டினேன்.