அண்ணாமலை, உடனே பூங்காவுக்கு வரவும்

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கொஞ்ச நாளாக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பூங்காவைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் மலையைச் சுற்றிப் புண்ணியம் சேர்க்கிறார்கள். உள்ளூர்க்காரன் நான் பூங்காவைச் சுற்றிச் சர்க்கரையைக் குறைக்கிறேன். நேற்று கேட் பக்கம் ஒருவர் வேகவைத்த மல்லாட்டை விற்றார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. அந்த உப்பு ஆவி மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள், கையும் நீண்டுவிட்டது.

இந்தப் பூங்கா பல பிறவி எடுத்தது. நான் பொடியனாக இருந்தபோது இங்கே சிமென்ட் யானைச் சறுக்குமரம் இருந்தது. என் டிராயரின் பின்பக்கம் முக்கால்வாசி அந்த யானைக்குத்தான் போனது. நடுவில் ரேடியோ ரூம். சாயங்காலமானால் அதன் தலையிலிருந்த குழாய் ஸ்பீக்கரில் செய்தி வரும். புல்லில் உட்கார்ந்து ஊரே கேட்கும். பிறகு ரேடியோ போய் டிவி வந்தது. டிவி அவரவர் வீட்டுக்குப் போனதும் பூங்கா ஆடுகளுக்குப் போனது. பாதியைத் தண்ணீர்த் தொட்டி விழுங்கியது, மீதியில் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டார்கள். ரேடியோ ரூம் மட்டும் அசையவில்லை. வருஷம் பூரா பூட்டிக் கிடக்கும், கார்த்திகை தீபத்துக்குத் திறப்பார்கள். கூட்டத்தில் தொலைந்தவர்களை அங்கே உட்கார வைத்து மைக்கில் கூப்பிடுவோம்.

'வோம்' என்றால் நான்தான். அப்போது பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் "குரல் ரேடியோ மாதிரி இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். அந்த வருஷமே தொண்டர் பேட்ஜ் குத்திக்கொண்டேன். தொலைந்த குழந்தையின் பேரைக்கூட டில்லிச் செய்தி மாதிரிதான் வாசிப்பேன். அழுகிற குழந்தை அதைக் கேட்டு இன்னும் ஓங்கி அழும்.

குழந்தைகளைச் சமாளித்துவிடலாம். பெண்கள்தான் கஷ்டம். அந்தக் காலத்தில் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு தீபத்தன்று மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பக்கத்து அம்மா ஒருத்தர் மடியில் மல்லாட்டைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கோயில் பக்கம் போலீஸ் கயிறு போட்டபோது கூட்டம் இவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டது, வீட்டுக்காரரை இன்னொரு பக்கம்.

"அவரு பேரு இன்னாங்க?"

"அத எப்டி தம்பி சொல்றது?"

"முருகனா? ஏழுமலையா? கோவிந்தசாமியா?"

எதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில் முகவாயை நிமிர்த்தி ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார். பிறகு குரலை இறக்கி, "இருட்டினா அவருக்குக் கண்ணு தெரியாது தம்பி. வெளிச்சத்துலயே வந்துடணும்" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணாமலை அவர்களே! உங்கள் மனைவி உங்களுக்காகப் பூங்காவில் காத்திருக்கிறார். உடனே வரவும்." என் குரலழகில் மயங்கி அவர் ஊர்ப் பேரைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த ஜில்லாவில் வீட்டுக்கு ஒரு அண்ணாமலை உண்டு என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வந்தார்கள். ஒருவர் மனைவியோடேயே வந்தார். அந்த அம்மா கேட்டது என்னை அல்ல, அவரை: "நான் இங்க நிக்கிறேன். அங்க எவ காத்துனு இருக்கா?" இன்னொருவர் எட்டிப் பார்த்து, எங்கள் கடையில் குடத்தைத் தட்டிப் பார்த்து வைப்பதுபோல, "இது இல்லங்க" என்று போனார். நான் சிரித்தேன். மல்லாட்டை அம்மா சிரிக்கவில்லை. வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த அம்மாவைப் பார்த்தார். போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வீட்டம்மா எங்கண்ணா தொலைஞ்சாங்க?" என்றேன்.

"அவ போய்ச் சேந்துட்டா தம்பி. ஆடியில."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"தெர்ல. பேரக் கூப்ட்டு, பொண்டாட்டி காத்துனு இருக்கானு சொன்னாங்க. காலு வந்துடுச்சு."

மைக்கை அணைத்தேன். அந்த அம்மாதான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி நீட்டினார். "சாப்டுங்கண்ணா."

அவர் உரித்துத் தின்றபடியே, "எங்கம்மா பிரிஞ்சீங்க?" என்றார்.

"கல்கண்டுக் கட வாசல்ல. கூட்டத்துல என்னால திரும்பப் போக முடியல. அவரு நவுந்திருக்க மாட்டாரு. அங்க மேளச் சத்தம், மைக்கு கேட்டிருக்காது."

"நான் பாத்துட்டு வரேன். பேரு மறக்காது எனக்கு" என்று எழுந்தார்.

பொழுது சாய்ந்தது. மலை உச்சியில் தீபம் ஏறியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே கத்தியது. பகலெல்லாம் அந்த அம்மா சொல்லாத பேரை லட்சம் வாய் சொன்னது. அவரும் கைகூப்பினார், 'அரோகரா' மட்டும்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

சனத்தைப் பிளந்துகொண்டு, தேடப் போனவர் திரும்பி வந்தார். அவர் தோளைப் பிடித்தபடி பின்னால் இன்னொருவர்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"நானா தொலைஞ்சேன்?" என்று அந்த அம்மா புருஷன் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் சண்டை போட்டபடியே பஸ்ஸுக்குப் போனார்கள். கூட்டி வந்தவர் பூங்கா கேட் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே போய், அங்கேயே நின்றுவிட்டார்.

செல்போன் வந்தபிறகு யாரும் தொலைவதில்லை. இரண்டொரு தீபத்துக்கு மைக்கை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன். அப்புறம் ரூமை இடித்தார்கள். ஊர் மாநகராட்சி ஆனது. பூங்காவுக்கு டைல்ஸ் நடைபாதையும் கேமராவும் வந்தன. ரேடியோ ரூம் இருந்த இடத்தில் ஊர்ப் பேரைப் பெரிய எழுத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாரும் அதன்முன் நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன பங்குனியில் என் மனைவி போய்விட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னை "ஏங்க" என்று மட்டுமே கூப்பிட்டவள். மகள் பெங்களூரிலிருந்து போன் செய்கிறாள். "அப்பா, எங்க இருக்கீங்க? லொகேஷன் அனுப்புங்க." அனுப்பிவிட்டு அந்தப் பெரிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஒரு குழாய் கரகரத்து, யார் பேரையாவது சொல்லி, மனைவி காத்திருக்கிறார் என்றால், என் பேரா இல்லையா என்றுகூடக் கேட்காமல் எழுந்து போய்விடுவேன். கூப்பிடத்தான் அங்கே ஒன்றும் இல்லை.