இந்தப் பெட்டி வாங்கியவருக்கே சொந்தம்

என் பெயர் நஜீமுதீன். கொமரலிங்கத்தில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தேன். வழக்குத் தாள்களில் இவை எதுவும் இல்லை. எதிர்த்தரப்பு என்ற இடத்தில் என் பெயரும் கடை முகவரியும் மட்டுமே இருக்கின்றன. அங்கே விடுபட்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கம்பெனியின் இன்டர்காம் பழுதானபோது சரிசெய்ய வந்தவர், ஓர் ஆங்கிலக் கையேட்டை மறந்துவிட்டுப் போனார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் அதைப் படித்தேன். அடுத்த முறை பழுதானபோது நானே திறந்து சரிசெய்தேன். அதற்குப் பிறகு தையல் மிஷினில் நான் உட்காரவில்லை.

ஓவர்லாக் ஆண்டுகளில் இன்னொன்றும் கற்றிருந்தேன். சட்டையில் குறை என்று வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தால், நூல் கொடுத்தவர், நிட்டிங் மிஷினில் துணி ஓட்டியவர், சாயம் போட்டவர் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கைகாட்ட யாரும் மிச்சமில்லாதவன் தலையில் அது வந்து இறங்கும். எழுத்தில் எதுவும் இல்லாததுதான் அதற்குக் காரணம் என்று நம்பினேன். ஆகவே சொந்தமாகத் தொலைபேசிக் கடை வைத்தபோது, சொல்வதையெல்லாம் எழுதிக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். என் கடைக்கு விளம்பரப் பலகைகூடச் சரியாக இல்லை. என் சொல்லை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

சாக்கடைக் குழாய்க்காகச் சாலைகளைத் தோண்டிய ஆண்டில் பழைய தொலைபேசிக் கம்பிகள் தெருத்தெருவாக அறுந்தன. அப்போதுதான் அடாப்டர் இங்கே பரவியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. ஒரு பக்கம் இணைய ஒயர், மறுபக்கம் பழைய தொலைபேசி; பேச்சு இணையம் வழியாகப் போகும். இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனமே பெட்டியை வாடகைக்குக் கொடுத்தது. சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னவன் நான்.

முதலில் கேட்டவர் அப்புசாமி. செக்கிங்கும் அயர்னிங்கும் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனி அவருடையது.

"வாடகைக்கே குடுக்கறாங்களே பாய், அப்புறம் எதுக்குங்க காசு போட்டு வாங்கோணும்?"

"வாடகைன்னா அவங்க சொன்னதுதானுங்ண்ணா. சொந்தமா இருந்தா, புடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். பில்லின் அடியில், என் கையெழுத்துக்கு மேலே: 'இந்தப் பெட்டி வாங்கியவருக்கே சொந்தம். எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் வேலை செய்யும்.' அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வந்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று கம்பெனிகள்; இருபத்து மூன்று பில்லிலும் அதே வரி.

இணைப்புக் கொடுக்கும்போது நிறுவனம் பெட்டியின் எண்ணைக் கேட்டது. பெட்டி வேலை செய்யத் தேவையான செட்டிங் அமைப்புகளைத் தன் அலுவலகத்திலிருந்தே ஏற்றுவதாகச் சொன்னது. கையால் ஏற்ற எனக்குத் தெரியும், இருந்தும் சம்மதித்தேன். என் பிழை அது ஒன்றுதான். இந்த ஊரில் துணி எத்தனையோ கை மாறிப் போகிறது. சாயப்பட்டறைக்குப் போன துணி சாயப்பட்டறைக்குச் சொந்தமாகி நான் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் உடையவனிடம் திரும்பி வரும். பெட்டியையும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி அப்புசாமி கூப்பிட்டார். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். நான் வைத்த கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை. நிறுவனம் தொலைவிலிருந்தே மாற்றிப் பூட்டியிருந்தது. ரீசெட் செய்யவும் அதே கடவுச்சொல்லைக் கேட்டது. மற்ற இருபத்திரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாம் பூட்டியிருந்தன.

பதினொரு கடிதங்கள் எழுதினேன். நான்காவது கடிதத்துக்கு வந்த பதில்: பெட்டிகள் எங்களிடம் வாங்கப்பட்டவை அல்ல, ஆகவே எங்கள் பதிவேட்டில் இல்லை, பதிவில் இல்லாத பெட்டிகளைத் திறக்க இயலாது. பதிவில் இல்லாததை எப்படிப் பூட்டினீர்கள் என்று கேட்டேன். 'உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. நேரில் கிளை அலுவலகத்துக்கே போனேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"பெட்டி உங்ககிட்டதான சார் இருக்கு? நாங்க ஒண்ணும் எடுத்துட்டுப் போகலையே."

நுகர்வோர் ஆணையத்தில் நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்க நூற்று நாற்பது பக்கத்தில் கோப்பு தயாரித்தேன். வாங்கியவர் என்ற முறையில் அப்புசாமியின் கையெழுத்து வேண்டியிருந்தது. பண்டிகை போகட்டும், ஷிப்மென்ட் முடியட்டும் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டார். மூன்றாம் முறை நான் போவதற்குள் ஆணையத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. அவர் புகார் கொடுத்துவிட்டார், என் மேல். இணைப்பாக வைத்திருந்த ஒரே ஆவணம் என் பில்.

விசாரணையில், கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். எழுதியபடி பெட்டி வேலை செய்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கோப்பை நீட்டினேன். அது எனக்கும் நிறுவனத்துக்கும் உள்ள விவகாரம், தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையைக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. ஆணையத்தைக் குறைசொல்ல என்னிடம் ஆதாரமில்லை. நான் எழுதியதை எழுதியபடியே படித்தார்கள்.

உத்தரவை நிறைவேற்ற அப்புசாமியின் கம்பெனிக்குப் போனேன். மேசைமேல் புதுப் பெட்டி ஒன்று இருந்தது. அதே நிறுவனத்துடையது, வாடகைக்கு எடுத்தது. சீசன் நேரத்தில் போன் நின்றால் ஆர்டர் நின்றுவிடும் என்றார். டீக்குச் சொல்லி அனுப்பினார்.

"ஏனுங்ண்ணா, பூட்டுனது அவங்கதானுங்களே. அவங்க மேல போட்டிருக்கலாமில்லீங்களா?"

"அவங்க மேல போட்டா யாருங்க பாய் வருவாங்க? நீங்கன்னா சொன்ன தேதிக்கு வந்து நிப்பீங்க. எழுதுனத எழுதலைன்னும் சொல்லமாட்டீங்க. அந்த நம்பிக்கைலதானுங்க போட்டேன்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு, விலை பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மற்ற இருபத்திரண்டு பேர் புகார் கொடுக்கவில்லை. ஆனால் வரி ஒன்றுதான்; அவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய் விலையைக் கொடுத்துப் பெட்டியைத் திரும்ப வாங்குகிறேன். இதுவரை ஒன்பது பேர் முடிந்திருக்கிறார்கள். நிறுவனத்தின் மேல் நான் தனியாகக் கொடுத்த புகார், வாங்கியவர் நான் அல்ல என்ற காரணத்தால் திரும்பி வந்தது.

போன மாதம் சோமனூரிலிருந்து ரங்காத்தாள் என்பவர் கூப்பிட்டார். பன்னிரண்டு தறி ஓட்டுகிறார். அடாப்டர் மாட்டித் தர வேண்டும், என்னைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். போனேன். எந்த இடத்தில் மாட்டுவது, ஒயர் எவ்வளவு வேண்டும் என்று அளந்து எழுதிக்கொண்டேன்.

"வாங்கிட்டா நம்முளுது தானுங்களே?" என்று கேட்டார்.

"தெரியலீங்கம்மா" என்றேன்.

 தொழில் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.